எச்.ஐ.வியால் சிடி4 (நோய் எதிர்ப்பு அணு எண்ணிக்கை) இறங்கியவருக்கு டி.பி: சளி நெகட்டிவ் என்று விட்டுவிடலாமா?

லேப், காரைக்குடி:
விடக்கூடாது. சிடி4 நூறுக்குக் கீழே போனால் நுரையீரலில் குழி விழுவது குறைவு. கிருமி சளியில் அதிகம் வராது, ரத்தம், நெறி (நிணநீர்க் கணு), சிறுநீரகம் என்று பரவிவிடும். மைக்ரோஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லியில் ஏறக்குறைய 10,000 கிருமி வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு நூற்றுச் சொச்சம் போதும். ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு ரீஏஜென்ட் (சளியைக் கரைக்கும் திரவம்), நன்றாகக் குலுக்கி 15 நிமிடம். கட்டி கரையாமல் 2 மில்லி ஊற்றினால் கார்ட்ரிட்ஜ் அடைத்து எரர் காட்டும். அவசரப்பட்டால் நோயாளி மறுபடி பஸ் ஏறி வரவேண்டும், பாவம்.

களப்பணி, புதுவயல்:
இங்கே ரைஸ் மில்லில் வேலை செய்பவர்கள் இருமலை உமித்தூசி என்றே சொல்வார்கள். இருமல், காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக் குறைவு: எச்.ஐ.வி உள்ளவருக்கு இதில் ஒன்று இன்றைக்கு இருந்தாலே சோதனைக்கு அனுப்புங்கள், இரண்டு வாரக் கணக்கு வேண்டாம். "எடை குறைஞ்சிருக்கா?" என்றால் "இல்லை" என்பார்கள். "ஆச்சி, ஜாக்கெட் தொளதொளங்குதா?" என்றால் உண்மை வரும். ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி மருந்து) புத்தகத்தில் போன மாத எடையையும் பாருங்கள்.

நர்ஸ், சிவகங்கை:
சளியே வராதவருக்கு, கிட் கைவசம் இருந்தால், சிறுநீரில் டி.பி கிருமியின் கூறைக் காட்டும் எல்.ஏ.எம் பட்டைச் சோதனை பெரிய உதவி. 60 மைக்ரோலிட்டரைப் பட்டையின் வெள்ளைப் பகுதியில் விட்டு, 25 நிமிடம் கழித்து, 35க்குள் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு ஒப்பீட்டு அட்டையின் முதல் கோட்டைவிட மங்கலாக இருந்தால் பாசிட்டிவ் என்று எழுதாதீர்கள். பேதி உள்ளவருக்கு பெட்பேனில் எடுத்த சிறுநீர் வேண்டவே வேண்டாம். மலம் கலந்தால் பொய்யாக பாசிட்டிவ் காட்டும். நெகட்டிவ் வந்தாலும் டி.பி இல்லை என்று அர்த்தமில்லை.

டாக்டர், தேவகோட்டை:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று: முக்கிய டி.பி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதை எல்.ஏ.எம் சொல்லாது. பாசிட்டிவ் என்றால் மருந்தைத் தொடங்குங்கள், கூடவே சிபிநாட்டும் போகட்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் கழுத்து, அக்குளைத் தடவிப் பாருங்கள். நெறியில் ஊசி போட்டு எடுத்ததை சலைனில் அனுப்புங்கள். ஃபார்மலினில் போட்டால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) உதவாது. தலைவலி இருந்தால் ஏ.ஆர்.டி தொடங்கும் முன் முதுகுத் தண்டுநீர் பார்த்தே ஆகவேண்டும். மூளைக்காய்ச்சல் டி.பி என்றால், டி.பி மருந்து தொடங்கியபின் ஏ.ஆர்.டிக்குக் குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும், மற்ற டி.பிக்கு இரண்டு வாரத்துக்குள். ரிஃபாம்பிசின் ஓடும்போது எச்.ஐ.வி மருந்தான டோலுடெக்ராவிர் 50 மி.கி. காலையும் இரவும்.

லேப், காரைக்குடி:
சார், நெறிச் சாம்பிளை சலைனில் போட்டதும் அன்றைக்கே அனுப்பிவிடச் சொல்லுங்கள். பாட்டில் மேல் "நெறி" என்று எழுதியிருக்கட்டும்; சளி என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள்.