மறு: ‘ஜாங்’ – விழுதா, நீரா?

கொரியச் சுவையூட்டிகளின் சொற்பட்டியலில் ‘ஜாங்’ என்பதற்குப் ‘புளித்த சோயா விழுது’ என்று போட்டிருக்கிறேன். த்வென்ஜாங், கான்ஜாங், கொச்சுஜாங் மூன்றுக்கும் இதையே அடிச்சொல்லாக வைத்துக்கொள்ளலாமா?

---

> புளித்த சோயா விழுது

மூன்று சொல்லுமே இடறுகின்றன, ஐயா.

விழுது: கான்ஜாங், அதாவது சோயா சாஸ், நீர்மம். வேகவைத்து இடித்த சோயாவைச் செங்கல்போல் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிடுவார்கள். அதுதான் மேஜு. நொதிக்கவைக்கும் பேசில்லஸ் நுண்ணுயிர் வைக்கோலிலிருந்தும் ஏறும். காய்ந்த மேஜுவை உப்புநீரில் 40 முதல் 60 நாள் ஊறவிட்டுப் பிரித்தால், கட்டி த்வென்ஜாங், வடிந்தது கான்ஜாங். உப்புநீரின் பதத்துக்கு ஒரு முட்டையை மிதக்கவிடுவார்கள். மேலே தெரியும் வட்டம் கொரியாவின் 500 வோன் நாணயம் அளவு இருந்தால் சரி. முட்டை அமிழ்ந்தால் உப்பு போதாது, ஜாங் கெட்டுவிடும்.

புளித்த: நம் காதில் இது தோசைமாவு. ஜாங்கில் புளிப்பு தூக்கினால் ஏதோ தவறு என்று பொருள்.

சோயா: கொச்சுஜாங்கில் மிளகாய்ப்பொடி, ஒட்டும் அரிசி, முளைகட்டிய வாற்கோதுமை, உப்பு எல்லாம் உண்டு. மேஜு மாவு அதில் ஒரு பங்குதான்.

‘நொதியம்’ எனலாமென்றால் இலங்கைப் பாடநூல்களில் அது என்சைம். ‘ஊறல்’, ‘நொதிச்சரக்கு’ இரண்டும் மதுவிலக்குப் போலீஸ் செய்திக்குப் போய்விடும்!

‘ஜாங்’ அப்படியே இருக்கட்டும். முன்னொட்டைத் தமிழில் வைப்போம்: கட்டிஜாங், வடிஜாங், மிளகாய்ஜாங். ‘த்வென்’ என்பதற்கே ‘கெட்டியான’ என்றுதான் பொருள் சொல்கிறார்கள். கட்டிப்பெருங்காயம் நமக்குப் பழகிய சொல்தானே.

---

கட்டிஜாங், மிளகாய்ஜாங் இரண்டும் சரி. வடிஜாங்கில் ஒரு சிக்கல், அம்மா. கடையில் விற்கும் கான்ஜாங்கில் மேஜுவிலிருந்து வடிக்காததும் உண்டு. சோயாவோடு கோதுமை சேர்த்து நொதிக்கவைத்துப் பிழிவது ஒன்று. புரதத்தை அமிலத்தால் சிதைத்து எடுப்பது இன்னொன்று. ‘கான்’ என்றால் உப்புச்சுவை. ‘கான் பார்ப்பது’ என்று அவர்கள் சொல்வது அப்படியே நம் ‘உப்புப் பார்ப்பது’. எனவே பொதுச்சொல் உப்புஜாங். மேஜுவிலிருந்து வடித்த, சூப்புக்கும் கீரைக்கும் ஊற்றும் குக்கான்ஜாங் மட்டும் வடிஜாங். நிறம் வெளுப்பு, உப்பு அதிகம். வறுவலுக்கான ஜின்கான்ஜாங் அளவிலேயே இதை ஊற்றினால் குழம்பு கரிக்கும். பட்டியலில் இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆகவேண்டும்.

---

உப்புஜாங், ஏற்கிறேன். மேஜுவுக்கு ‘சோயாக்கட்டி’ போதும். கட்டிஜாங்கோடு குழம்பாமல் இருக்கக் குறிப்பில் ‘காய்ந்தது’ என்று சேர்த்துவிடுகிறேன்.

அதே பக்கத்தில் கென்னிப்புக்கு ‘எள் இலை’ என்று போட்டதையும் நீக்குகிறேன். ‘கே’ எள்ளையும் குறிக்கும், துளசிக் குடும்பத்துப் பெரில்லாவையும் குறிக்கும். இறைச்சியைச் சுற்றித் தின்னும் இலை பெரில்லாதான். சாம்கிரும் என்னும் எண்ணெய் மட்டும் எள்ளிலிருந்து வருவது, நம் நல்லெண்ணெய். அங்கே ‘சாம்’ என்றால் ‘மெய்யான’, இங்கே ‘நல்ல’.