மறு: எம்பார்கோ – 'வெளியீட்டுத் தடை' சரிவருமா?

> செய்தித்துறை எம்பார்கோவுக்கு 'வெளியீட்டுத் தடை' என்றே வைத்துக்கொள்ளலாம். இருக்கிற சொல் போதாதா?

ஐயா, போதாது என்றுதான் நினைக்கிறேன். எம்பார்கோ (embargo) என்பது குறித்த நேரம்வரை செய்தியை வெளியிடாமல் வைத்திருக்கும் ஏற்பாடு. தடை என்றால் போடவே கூடாது என்று பொருள். நூலுக்குத் தடை, கட்சிக்குத் தடை, கியூபா மீது பொருளாதாரத் தடை. எம்பார்கோவிலோ செய்தியை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு, 'இத்தனை மணிக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். செய்தி வரப்போவது உறுதி. நேரம் மட்டும்தான் பேச்சு. (போன மடலில் ஒருவர் சொன்ன 'தடைக்காலம்' மீன்பிடிப் படகுகளுக்கே இருக்கட்டும்.)

பெர்லின் சுவர் திறந்த இரவை எழுதிப் பார்த்தால் சிக்கல் தெரியும். 1989 நவம்பர் 9. கிழக்கு ஜெர்மனி, மக்கள் மேற்கே போவதற்கான புதிய பயண விதிகளை முடிவுசெய்து, மறுநாள் அதிகாலை 4 மணிக்கு அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்குள் எல்லைக் காவலர்களுக்குத் தகவல் போய்விடும். விடிந்ததும் மக்கள் விசாவுக்கு ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள் என்பது கணக்கு. விதிகள் எழுதிய தாளை ஆளும் கட்சித் தலைவர் கிரென்ஸ், கட்சியின் சார்பில் பேசிவந்த ஷபோவ்ஸ்கியிடம் கொடுத்தார். விதிகளைப் பேசியபோது ஷபோவ்ஸ்கி கூட்டத்தில் இல்லை. வெளியிடும் நேரம் அவர் மனத்தில் பதியவும் இல்லை.

மாலை 6 மணிக்குச் செய்தியாளர் சந்திப்பு, தொலைக்காட்சியில் நேரலை. ஒரு மணிநேரம் சலிப்பாகப் போய், முடியும் தறுவாயில் பயண விதி பற்றிக் கேள்வி வந்தது. தாளை எடுத்து வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாள்களைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை 'உடனடியாக, தாமதமின்றி' என்றார். சில நிமிடங்களில், 7.05க்கு, எல்லை திறக்கிறது என்று ஏ.பி. செய்தி நிறுவனம் செய்தி அனுப்பிவிட்டது. 8 மணிக்கு மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியும் சொன்னது. அதைக் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு பார்ப்பார்கள். கூட்டம் நெருக்க, இரவு 11.30 வாக்கில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பிலிருந்த அதிகாரி யேகர், மேலிடத்து உத்தரவு வராமலேயே கதவைத் திறக்கச் சொன்னார்.

இப்போது 'ஷபோவ்ஸ்கி வெளியீட்டுத் தடையை மீறினார்' என்று எழுதுங்கள். ஏதோ தணிக்கையை எதிர்த்து நின்ற வீரர் ஆகிவிடுகிறார்! மனிதர் ஒன்பது மணிநேரம் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

என் பரிந்துரை 'நேரக்கட்டு'. ஊர்க்கட்டு போல, சேர்ந்து ஒப்புக்கொண்ட கட்டு. அறிக்கையின் தலையில் 'நேரக்கட்டு: நவம்பர் 10, அதிகாலை 4 மணி' என்று போடலாம். 'நேரக்கட்டை மீறிய நாளிதழ்', 'நேரக்கட்டோடு வந்த அறிக்கை' எல்லாம் இடறாமல் வருகின்றன. 'நேரக்கட்டுப்பாடு' என்று மட்டும் நீட்ட வேண்டாம்; மேடைப் பேச்சாளருக்குத் துண்டுச்சீட்டு கொடுக்கும் விஷயமாகிவிடும்.

> அப்படியானால் ஆய்விதழ்க் கட்டுரைகளை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து இலவசமாகத் திறப்பதையும் எம்பார்கோ என்கிறார்களே?

சரியான கேள்வி. மாதக்கணக்கில் போவதை 'நேரம்' தாங்காது. 'காலக்கட்டு' என்றால் 'காலகட்டம்' வந்து குறுக்கே நிற்கிறது. அதற்குத் தனிச்சொல் வேண்டும் என்றே படுகிறது. நூலகத்துறை நண்பர்கள் யாராவது சொல்லுங்கள். செய்தித்துறைக்கு மட்டும் நேரக்கட்டைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?