ஜெபத்தில் பொறுமை நிலைக்கவில்லை, வழி சொல்லுங்கள்

அடியார்களுக்கு வணக்கம். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு அருகில் வயல் செய்துவரும் நான், கடந்த தைப்பூசத்திலிருந்து நாள்தோறும் காலை 4.30 மணிக்கு உருத்திராக்க மாலை கொண்டு 108 முறை சிவனுக்குரிய ஐந்தெழுத்து மந்திரம் ஓதி வருகிறேன். புரட்டாதி வரை மனம் நன்றாக அடங்கியிருந்தது. ஐப்பசியில் பெரும்போக (மழைக்கால நெல்) விதைப்புத் தொடங்கிய பின்னரோ, மாலையின் முப்பதாவது மணியைக் கடந்ததும் மழை பிந்துமா, யானை வேலியை உடைத்திருக்குமா என்று மனம் வயலுக்கு ஓடிவிட, நாவு மட்டும் விரைந்து எண்ணிக்கையை முடிக்கிறது. எழுந்தவுடன் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன், அதுவே எனக்குப் பெரும் வேதனை. எண்ணிக்கையை 54 ஆகக் குறைத்தேன், மூச்சோடு இணைத்து ஓதினேன்; மாலை நேரத்துக்கு மாற்றியபோது களைப்பில் உறங்கிவிட்டேன். திங்கட்கிழமைகளில் ஒட்டுசுட்டான் சிவன் கோயிலான தான்தோன்றீஸ்வரர் சந்நிதியில் அமரும்போது மட்டும் மனம் நிற்கிறது. அந்த நிலை வீட்டிலும் நிலைப்பதற்கு, நீண்டகாலம் ஓதிவரும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?