இள வயது மாரடைப்பு: பழி ஊசிக்கா, கொரோனாவுக்கா?

களக்காட்டு வாழைக்காரன்:
போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் ஒரு துட்டி. செத்த பையனுக்கு 36 வயது. காலையில் தோப்பில் வாழைத்தார் வெட்டி, லோடு ஏற்றிவிட்டு, டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன் அப்படியே பக்கத்து ஆள் தோளில் சாய்ந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து அவர் தள்ளிவிட்டிருக்கிறார். கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இரண்டு வருடத்தில் இது நான்காவது. நான்கு பேரும் இரண்டு கொரோனா ஊசி போட்டவர்கள்.

துட்டி வீட்டுப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் அந்த ஊசி பண்ணின வேலை." நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 2025-ல் கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் ஒரு மாதத்தில் இருபது பேருக்கு மேல் மாரடைப்பில் போனபோது, ஊசிக்கு அவசரமாக அனுமதி கொடுத்ததும் காரணமாக இருக்கலாம் என்று அந்த மாநில முதல்வரே சொன்னார். தங்கள் கொரோனா ஊசியால் அபூர்வமாக ரத்தம் உறையலாம் என்று அஸ்ட்ராஜெனகா கம்பெனியே லண்டன் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது. நமக்குப் போட்ட கோவிஷீல்டும் அதே சரக்குதான். நடிகர் விவேக் நம்ம சீமைக்காரர், ஊசி போட்ட மறுநாள் விழுந்தார். இதைக் கேட்டாலே வாட்ஸ்அப் வதந்தி என்று வாயை அடைக்கிறீர்கள். படித்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

பாளை மருந்தாளுநர்:
அண்ணாச்சி, அந்தத் தம்பி வீட்டாருக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதை வதந்தி என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருடம் மருந்துக் கவுண்டரில் நின்றவன் நான். பக்கவிளைவே இல்லாத மருந்து எதையும் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை.

ஆனால் கோர்ட்டில் அந்தக் கம்பெனி ஒத்துக்கொண்டது வேறு சங்கதி. ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, அதே நேரத்தில் ரத்தமும் உறைகிற அபூர்வக் கோளாறு அது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும், பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு. 2021-ல் போட்ட ஊசி இத்தனை வருடம் கழித்து டீக்கடையில் ஆளைச் சாய்ப்பது அந்தக் கணக்கில் வராது. விவேக் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு இல்லை, கோவாக்சின். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று, பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு 2021 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஹாசனுக்கும் கர்நாடக அரசு நிபுணர் குழு போட்டுப் பார்த்தது. அவர்களும் ஊசியோடு தொடர்பு காணவில்லை.

நீங்கள் கேட்கிற இதே கேள்வியை வைத்துக்கொண்டு மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான ஐ.சி.எம்.ஆர். ஒரு ஆய்வு நடத்தி 2023-ல் வெளியிட்டது. நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரிகள். 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை, நன்றாக நடமாடிக்கொண்டிருந்து திடீரென்று இறந்த 18 முதல் 45 வயது வரையுள்ள 729 பேர். இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு அப்படிச் சாகிற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கோ நான்கு மடங்கை ஒட்டி ஏறியிருந்தது. குடும்பத்தில் யாராவது அப்படித் திடீரென்று இறந்திருந்தாலும், சாவதற்கு முந்தைய இரண்டு நாளில் மூச்சுமுட்டக் குடித்திருந்தாலும், உடம்பை முறித்துக் கடுமையாக வேலையோ உடற்பயிற்சியோ செய்திருந்தாலும் ஆபத்து கூடியது.

வள்ளியூர் வண்டிக்காரன்:
அப்போ ஊசியை விட குவார்ட்டர்தான் ஆபத்து என்கிறீர்களா சார்?

பாளை மருந்தாளுநர்:
அந்த ஆய்வில் குடிக்கு ஐந்து மடங்கு வருகிறது தம்பி. சிரிப்பு வேண்டாம்.

களக்காட்டு வாழைக்காரன்:
கோவாக்சினை உருவாக்கியதில் ஐ.சி.எம்.ஆருக்கே பங்கு உண்டு. தோசை சுட்டவனே ருசி பார்த்துச் சான்றிதழும் கொடுப்பானா?

பேட்டைக் கணக்கு வாத்தியார்:
இது நியாயமான கேள்வி. மருந்தாளுநர் ஐயா இதைத் தாண்டிப் போகக் கூடாது.

ஆனால் வாழைக்கார அண்ணாச்சி, உங்கள் நான்கு பேர் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒரு ஊசியாவது போட்டவர்கள். இன்றைக்கு யார் எதனால் செத்தாலும், பாம்பு கடித்தே செத்தாலும், அவர் ஊசி போட்டவராகத்தான் இருப்பார். செத்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது; அதே டீக்கடையில் டீ குடித்துவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போனவர்களையும் கேட்க வேண்டும். அந்த ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். செத்த ஒவ்வொருவருக்கும் அதே வயதில், அதே அக்கம்பக்கத்தில் உயிரோடு இருக்கிற நான்கு பேர், மொத்தம் 2,916. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் பேச முடியும்.

அதற்காக ஐயா சொல்கிற 'பாதி'யையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். தேடிப் போய் இரண்டு ஊசி போட்டுக்கொள்கிறவன் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவனாக இருப்பான். தவிர, செத்தவர் குடித்தாரா என்று அவர் வீட்டில் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியாதா? ஊசி இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று இந்த ஆய்வை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஊசி ஆளைக் கொல்கிறது என்றால் எண்ணிக்கை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், சாயவில்லை. அவ்வளவுதான்.

களக்காட்டு வாழைக்காரன்:
வாத்தியார் சுற்றி வளைத்து அவர் பக்கமே போய்விட்டார்.

முக்கூடல் செல்வி:
நான் இந்தப் பக்கம் படிக்க மட்டும்தான் வருவேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பீடி சுற்றுவாள். நாளைக்கு எழுநூறு, எண்ணூறு ஓடும். 2020 ஊரடங்கில் கடையில் இலையும் தூளும் தரவில்லை. வீட்டில் சுளகு சும்மா சாத்தி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அடுத்த வருடம் மே மாதம், ரெண்டாவது அலை. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து மடியில் சுளகை வைத்தாள். வார்ப்புத் தகட்டை இலை மேல் வைத்து வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால், விரல் கத்தரி வளையத்துக்குள் போகாமல் வழுக்குகிறது. நகமெல்லாம் நாவற்பழம் மாதிரி கறுத்திருந்தது. "மூச்சு வாங்குது தாயி, இந்தக் கட்டை முடிச்சிட்டுப் படுக்கேன்" என்றாள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. பதினெட்டு சுற்றியிருந்தாள்.

படுக்கை கிடைக்கவில்லை, டெஸ்டும் எடுக்கவில்லை, சான்றிதழில் கொரோனா என்று போடவும் இல்லை. அப்புறம் சுப்ரீம் கோர்ட் சொல்லி 50,000 ரூபாய் உதவி அறிவித்தார்கள். மனுவோடு போனால், பாசிட்டிவ் சீட்டு எங்கே என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். எடுக்காத டெஸ்டுக்குச் சீட்டு எங்கே இருக்கும்? மூன்று முறை நடந்துவிட்டு விட்டுவிட்டேன்.

அம்மா ஊசி போடவில்லை. பயந்து போடவில்லை. விவேக் செய்தியை டி.வி.யில் பார்த்துவிட்டு, "அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படின்னா நமக்கு என்ன" என்றாள். அந்தச் செய்தி வந்தது ஏப்ரலில். அம்மா போனது மே மாதம்.

பேட்டைக் கணக்கு வாத்தியார்:
செல்வி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை.

உங்கள் அம்மாவைப் போன்றவர்களை எண்ணத்தான் 'மிகை இறப்பு' என்ற கணக்கு இருக்கிறது. நோயின் பெயரைப் பார்க்காமல், வழக்கமான வருடத்தில் எத்தனை பேர் சாவார்கள், இந்த வருடம் எத்தனை பேர் என்று கழித்துப் பார்ப்பது. 2020, 2021 இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இந்தியாவில் 47 லட்சம் மிகை இறப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் மதிப்பிட்டது. அரசுக் கணக்கில் கொரோனாச் சாவு 4.8 லட்சம். ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். மத்திய அரசு அந்தக் கணக்கு முறையே தப்பு என்று மறுத்தது. அப்புறம் 2025 மே மாதம் அரசே தன் பிறப்பு இறப்புப் பதிவேட்டை வெளியிட்டது: 2020-ல் பதிவான சாவு 81 லட்சம், 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருடத்தில் 21 லட்சம் கூடுதல். அந்த வருடத்தில் கொரோனாவால் என்று சொன்னதோ மூன்றரை லட்சத்துக்கும் கீழே. பதிவு செய்கிற பழக்கம் வருடா வருடம் கூடுகிறது, அதனால் 21 லட்சத்தையும் கொரோனா தலையில் வைக்க முடியாது. ஆனாலும் இது பழக்கம் மட்டும் கூடி வருகிற எண் இல்லை.

எங்கள் ஆச்சி கோபம் வந்தால் "பேதியில போவான்", "கொள்ளையில போவான்" என்று வைவாள். காலராவில் எந்த ஊரில் எத்தனை பேர் போனார்கள் என்று இன்றைக்கு எந்த வீட்டிலும் தெரியாது, வசவு மட்டும் மிஞ்சியது. கொரோனாவுக்கு அதுகூட மிஞ்சக் காணோம். மேலப்பாளையத்தை அடைத்து வைத்த நாட்களையும், இரண்டு வருடம் நெல்லையப்பர் தேர் ஓடாமல் நின்றதையும் இப்போது கதை மாதிரிதான் பேசுகிறோம்.

களக்காட்டு வாழைக்காரன்:
செல்விம்மா, மனசு கஷ்டமாக இருக்கிறது. என்னை மாதிரி ஆட்கள் பேசினதும் ஒரு காரணமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சரி, அதை மறைக்கவில்லை.

ஆனால் வாத்தியாரே, நீங்களே என் வாதத்தைத்தான் பேசுகிறீர்கள். செத்தவர் கணக்கில் அரசாங்கம் பத்தில் ஒன்றுதான் சொன்னது என்கிறீர்கள். அதே அரசாங்கத்து ஆராய்ச்சி, ஊசியில் தப்பில்லை என்றால் மட்டும் நம்ப வேண்டுமா? ஒரே வாய்தானே?

பாளை மருந்தாளுநர்:
இந்தத் திரியில் இதுவரை வந்ததில் இதுதான் சரியான கேள்வி. முந்தின பதிவில் நான் இதைத் தாண்டிப் போனதும் உண்மை.

அதனால் நம் அரசாங்கத்தை விட்டுவிடுவோம். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவேடுகளை வைத்து ஒரு ஆய்வு, 2022 பிப்ரவரியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. கொரோனா வந்து பிழைத்த 1,53,760 பேரை, வராத பல லட்சம் பேரோடு ஒப்பிட்டு ஒரு வருடம் பார்த்தார்கள். பக்கவாதம் 52 சதவீதம் கூடுதல், இதயம் செயலிழப்பது 72 சதவீதம் கூடுதல். ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் காய்ச்சலோடு தப்பியவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது, அளவுதான் குறைவு. முக்கியமான இடம் இதுதான்: அவர்களுக்கு நோய் வந்தது 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி நடுப்பகுதி வரை. அப்போது பெரும்பாலோர்க்கு ஊசியே கிடையாது. ஊசி போடாத உடம்பிலேயே நோய் அந்த வேலையைக் காட்டியிருக்கிறது.

பேட்டைக் கணக்கு வாத்தியார்:
அதிலும் ஒரு குறை: பெரும்பாலும் வயதான வெள்ளைக்கார ஆண்கள். களக்காட்டில் தார் வெட்டுகிற 36 வயதுக்காரனுக்கு அதே 72 சதவீதம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. திசை தெரிகிறது, அளவு தெரியாது.

திரி கொஞ்சம் விலகினாலும் சொல்லிவிடுகிறேன். என் தொழில் பள்ளிக்கூடம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2021 டிசம்பரில் அவர்கள் கணக்குப் பாடத்தில் 2019-ன் அதே வயதுப் பிள்ளைகளை விட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள், தமிழில் அதில் பாதி. பள்ளி திறந்து ஆறே மாதத்தில் விட்டதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது; அந்த மீட்சியில் கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்விக்குப் போகிறது. என் வகுப்பிலும் பார்த்தேன். வாய்ப்பாடு திரும்பி வந்தது. நடுவில் நின்று மில்லுக்குப் போன மூன்று பையன்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் எந்த சராசரியிலும் இல்லை.

வள்ளியூர் வண்டிக்காரன்:
அண்ணாச்சி, ஒன்று கேட்கட்டுமா? அந்த 36 வயது ஆளுக்குக் கொரோனா வந்ததா இல்லையா? இத்தனை பேர் இவ்வளவு எழுதினீர்கள், அதை யாரும் கேட்கவில்லை.

களக்காட்டு வாழைக்காரன்:
அவன் வீட்டில் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அதனால்தான் இரண்டு நாள் வரவில்லை.

வந்திருக்கிறது. 2021 ஜூனில் ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்திருக்கிறான். ஊசி போட்டது அதற்கு அப்புறம். அவன் அப்பா நாற்பத்தைந்தில் இதே மாதிரி வரப்பில் விழுந்து போனவர். அது எனக்கே தெரியும், எழுதும்போது ஞாபகம் வரவில்லை. சாவுக்கு முதல் நாள் கோயில் கொடை, ராத்திரி பூரா முழிப்பு. குடித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வீடு இல்லை அது.

ஊசி பற்றிய என் சந்தேகம் முழுக்கப் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், 31 வயது. மக்களைத் தேடி மருத்துவத்தில் அவன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த அக்காவிடம் சொல்லி, அவன் கையிலும் பட்டையைக் கட்டிப் பார்த்தோம். ரத்த அழுத்தம் 160-க்கு 100. அந்த அக்கா மறுபடி ஒரு தடவை காற்றடித்துப் பார்த்தார். அதேதான் வந்தது. திங்கட்கிழமை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். மருந்தாளுநர் ஐயா, எந்த ஓ.பி.யில் சீட்டு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

பாளை மருந்தாளுநர்:
முதலில் பொது மருத்துவம் ஓ.பி. அண்ணாச்சி, காலை ஏழரைக்கே வந்துவிடுங்கள். சாப்பிடாமல் வரட்டும், சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்த்துவிடலாம். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடந்ததை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவன் சொல்ல மாட்டான்.

முக்கூடல் செல்வி:
அண்ணாச்சி, திங்கட்கிழமை போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.