மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பருவம்: பிள்ளைகள் என்னென்ன கற்பார்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகன் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் பருவப் புத்தகங்கள் கைக்கு வந்துவிட்டன. தமிழில் அவன் இன்னும் 'அரும்பு' நிலையில் இருப்பதாகவும், உடன் படிக்கும் பலர் 'மலர்' நிலைக்குச் சென்றுவிட்டதாகவும் அறிந்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நேற்று 'வெள்ளம் வடிந்தது' என்ற வரியை 'வெல்லம்' என்று படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டான். டிசம்பருக்குள் ஒவ்வொரு பாடத்திலும் அவனுக்கு என்னென்ன வர வேண்டும்? நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என்னால் என்ன செய்ய இயலும்?

பதில் 1: தொடக்கப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்த அரும்பு, மொட்டு, மலர் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை இப்போது எதைப் படிக்க முடிகிறது என்பதைப் பார்த்து அதற்கேற்ற பயிற்சி தருவதற்காக வைத்த பெயர்களே அவை; அவை தேர்ச்சியோ தோல்வியோ அல்ல. தமிழில் அரும்பில் இருக்கும் பிள்ளை கணக்கில் மலரில் இருப்பதை என் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

இந்தப் பருவத்தில் எல்லாவற்றிற்கும் முதுகெலும்பாக நிற்பது வாசிப்புதான். ஒரு சிறு பத்தியைத் தடையின்றிப் படித்து, அதில் என்ன நடந்தது என்று தன் சொற்களில் சொல்ல அவனுக்கு வர வேண்டும். அது வந்துவிட்டால் அறிவியலும் சமூக அறிவியலும் பாதி வந்துவிடும். ல, ள, ழ குழப்பம் நம் பகுதியில் மிகப் பரவலானது, ஏனெனில் பேச்சில் நாமே வேறுபடுத்துவதில்லை. 'வெல்லம்' என்றபோது நாக்கு பல்லுக்குப் பின்னாலும், 'வெள்ளம்' என்றபோது மேலே மடிந்தும் இருப்பதைக் கண்ணாடி முன் நின்று காட்டுங்கள். அவன் படிக்கும்போது இடையில் திருத்தாதீர்கள். வரி முடிந்தபின் அந்தச் சொல்லுக்கு மட்டும் திரும்பி வாருங்கள்.

கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் முக்கியம். வாய்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் என்று கண்ணால் காணட்டும். சம்பா நடவு நடக்கும்போது வரப்போரம் நாற்று முடிகளை (நாற்றுக் கட்டுகளை) வரிசைக்கு ஆறாக நான்கு வரிசை அடுக்கச் சொல்லி, எண்ணாமல் எத்தனை என்று கேளுங்கள். நில அளவில் நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று தாத்தா சொல்லும் கணக்கையும் அவன் கேட்கட்டும்.

அறிவியலில் தண்ணீர், உணவு, தாவரங்கள். சமூக அறிவியலில் ஐவகை நிலங்கள். மருதத்திலேயே பிறந்து வளரும் பிள்ளைக்கு மருதத்தைப் படத்தில் காட்ட வேண்டிய தேவையில்லை. உங்கள் ஊருக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும் மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என ஆறு மூன்றாகப் பிரிவதை நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள். நெய்தலுக்கு நாகப்பட்டினம் கடற்கரை இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்போதைக்குச் சிறு வாக்கியங்களைக் கேட்டுப் புரிந்து, பதில் சொல்லும் அளவு வந்தால் போதும்.

பதில் 2: இரு பிள்ளைகளின் தந்தை, மயிலாடுதுறை மாவட்டம்

ஆசிரியை அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்தப் பருவம் முழுவதும் வடகிழக்குப் பருவமழைக்குள் வருவதால், மழை விடுமுறை விட விட, பிள்ளைகள் படித்ததன் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. சென்ற ஆண்டு என் மகள் விடுமுறை முடிந்து சென்றபோது கற்றதில் பாதியை மறந்திருந்தாள். இவ்வாண்டு அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு கண்ணாடிக் குவளையைத் திறந்த முற்றத்தில் வைத்து, காலையில் அளவுகோலால் மழையை மில்லிமீட்டரில் அளந்து தேதியுடன் எழுதச் சொல்லியிருக்கிறேன். அளத்தல், எழுதுதல், கூட்டல் மூன்றும் ஒரே வேலையில் நடக்கின்றன. முதல் நாள் அவள் '1 செ.மீ. 2 மி.மீ.' என்று எழுதினாள். அது 12 மில்லிமீட்டர் என்று தானே கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாற்று முடிகளை இன்று மாலை அடுக்கச் சொன்னேன். விரலை மடக்காமலே 24 என்றான். ஆனால் 32-இல் 15-ஐக் கழிக்கச் சொன்னால் 23 என்கிறான். 'கடன் வாங்கு' என்றால் அவனுக்கு விளங்கவில்லை. இதை எப்படிச் சொல்வது, டீச்சர்?

பதில் 3: தொடக்கப் பள்ளி ஆசிரியை

ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 5 போகாது என்பதால் அவன் 5-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டான். மிக இயல்பான தவறு இது. 'கடன்' என்ற சொல்லைச் சில நாள்களுக்கு விட்டுவிடுங்கள். தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, மூன்று கட்டும் இரண்டு குச்சியும் அவன் கையில் கொடுங்கள். அதிலிருந்து 15 குச்சிகளைத் தரச் சொன்னால், ஒரு கட்டைத் தானே அவிழ்ப்பான். அவன் அவிழ்க்கும் வரை நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள்.