கச்சானைக் கேட்டேன், கடலை கிடைத்தது

தங்கச்சிமடம் ஜெராக்ஸ் கடை:

கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் கடைசியில். எங்கள் கடைக்கு அது வந்து சேர மேலும் ஒன்றரை வருடம் பிடித்தது. ஜெராக்ஸ் எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பம் பதிவேன், மனு எழுதிக் கொடுப்பேன். ஒரே மாதிரி மனுக்களை எழுதிச் சலித்திருந்த நேரத்தில் அக்காள் மகன் என் செல்பேசியில் அதை ஏற்றிக் கொடுத்தான். "மாமா, இனி இது எழுதும், நீங்கள் காசை மட்டும் வாங்குங்கள்" என்றான்.

முதலில் வந்தவர் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு பெரியவர். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறவில்லை, அதற்கொரு மனு. நான் இரண்டு வரி சொன்னேன். அது இரண்டு பக்கம் கொடுத்தது. அந்த நடையைப் பார்த்து எனக்கே பொறாமை வந்தது. அச்செடுத்துப் படித்துக் காட்டினேன். பாதியில் பெரியவர் கையைத் தூக்கினார்.

"ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையா? அது மேற்குக் கரைக்காரர்களுக்குத் தம்பி. நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14."

இரண்டுமே 61 நாள்தான், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் பிழை சிக்காது. அவர் காதால் கேட்டே பிடித்துவிட்டார். அதே மனுவில் ஓர் அரசாணை எண்ணும் தேதியும் இருந்தன. தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் ஆணையே கிடையாது. முப்பது வருடம் மனு எழுதிய எவருக்கும் அந்தத் துணிச்சல் வராது! அது எதையும் பார்த்து எழுதவில்லை, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது வழக்கமோ அதைக் கோத்துக்கொண்டே போகிறது என்று அக்காள் மகன் பிறகுதான் சொன்னான். மனு என்றால் ஆணை எண் இருக்கும். ஆகவே ஒன்றைப் போட்டுவிட்டது.

மாலையில் விளையாட்டாகக் கேட்டேன்: "கச்சான் பலமாக இருக்கிறது, வள்ளம் இறக்கலாமா?" கச்சானில் புரதச்சத்து அதிகம், அளவோடு சாப்பிடலாம் என்றது. இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் நிலக்கடலை. அக்கரைத் தமிழைப் படித்திருக்கிறது போலும். நம் கரையில் அது காற்றின் பெயர் என்று அதற்கு யார் சொல்வது? உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

மண்டபம் பாசிக்காரி:

உங்களுக்குக் கடலையாவது கிடைத்தது அண்ணே. நான் "பெப்சி பாசி" பற்றிக் கேட்டேன், குளிர்பானத்தைப் பற்றிப் பேசியது. நாங்கள் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கடல்பாசிக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். அதை இங்கே பரப்பிய நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பாபைகஸ் என்று அதன் அறிவியல் பெயரைச் சொன்ன பிறகுதான் அதற்குப் புரிந்தது.

எங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான். 45 நாளுக்கு ஓர் அறுவடை. காயவைத்து, எடை போட்டு, பங்கு பிரிப்பதற்குள் இருட்டிவிடும். இப்போது நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஈரக்கையால் எழுதிய 1 அதன் கண்ணுக்கு 7 ஆகிவிடுகிறது. முதல் தடவை ஒருத்திக்கு 60 கிலோ கூடுதலாக விழுந்து, கரையில் பெரிய சண்டை. அதிலிருந்து, "முதலில் நீ படித்த எண்களை எழுதிக் காட்டு" என்பேன். வரி வரியாக நோட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கூட்டச் சொல்வேன். பாஸ்புக்கையும் ஆதாரையும் மட்டும் படமெடுத்துக் கொடுப்பதில்லை.

பாம்பன் நாட்டுப்படகு:

எனக்கு எழுத வராது. இதையும் பேசித்தான் பதிகிறேன், அதுவே திருத்தித் தருகிறது.

இன்றைக்கு மீன் எங்கே என்று கேட்டேன். திசை, தூரம், ஆழம் எல்லாம் சொன்னது. சந்தேகப்பட்டு மறுபடி கேட்டேன். வேறு திசை சொன்னது. குறி சொல்பவள்கூடப் பேச்சை இவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டாள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், கடல்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கொடுத்தால் நமக்குப் புரிகிற மாதிரி விளக்கித் தருகிறது. அந்த அளவில் சரி. இலங்கையோடு உள்ள கடல் எல்லைக்கோடு எங்கே என்று மட்டும் கேட்க மாட்டேன். அதில் பிசகினால் எப்போது வீடு திரும்புவோம் என்று யாருக்குத் தெரியும்?

கீழக்கரை அத்தா:

துபாயில் வேலைக்குப் போகும் மகனின் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. விளக்கச் சொன்னேன். எதைச் சொன்னாலும் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று எண்ணோடு சொல்லச் சொன்னேன். ஒன்றுக்கு அதனால் பத்தியைக் காட்ட முடியவில்லை. அதை மகன் நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொண்டான்.

தங்கச்சிமடம் ஜெராக்ஸ் கடை:

மண்டபம் தங்கச்சி சொன்ன, முதலில் எண்களைச் சரிபார்க்கும் முறையை நானும் எடுத்துக்கொண்டேன். தேதி, தொகை, படகுப் பதிவு எண் எல்லாவற்றையும் முதலில் தாளில் எழுதி வாங்கிவிடுகிறேன். படகு எண்ணும் ஆளின் பெயரும் வரும் இடத்தைக் காலியாக விடச் சொல்லி, அதைக் கையால் நிரப்புகிறேன். "நான் கொடுக்காத எண் எதையும் போடாதே" என்பதுதான் அதற்கு நான் சொல்லும் முதல் வரி. அப்படியும் சில நேரம் போடுகிறது.

பெரியவர் அதற்குக் கடலை வியாபாரி என்று பெயர் வைத்துவிட்டார். நேற்று படகு இன்சூரன்ஸ் மனுவுக்கு வந்தவர், "வியாபாரியைக் கூப்பிடு தம்பி, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.