சர்வதேச வணிகத்தில் எம்.பி.ஏ., அதுவும் ஆசியச் சிறப்புப் பாடத்தோடு: கடன் வாங்கிப் படிக்கலாமா?

பாலக்கோட்டான்:
என் தங்கை தர்மபுரியில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறாள். அடுத்து சர்வதேச வணிகத்தில் எம்.பி.ஏ. சேர வேண்டும் என்கிறாள். ஆசிய நாடுகளின் சந்தைகள், வணிக ஒப்பந்தங்கள், கூடவே ஜப்பானிய மொழி என்று ஒரு தனியார் பல்கலைக்கழகம் விளம்பரம் செய்திருக்கிறது. கல்விக் கடன் இல்லாமல் முடியாது. அப்பா தக்காளி போடுகிறார். விலை அடுத்த வாரம் எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியாது. இந்தப் படிப்புக்கு நம் பக்கம் வேலை இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளிமூக்கு:
தம்பி, கடன் வாங்காதீர்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நான் படித்தது பி.ஏ. வரலாறு. பெங்களூரா மாம்பழக் கூழ் 3.1 கிலோ டின்னிலும் 215 கிலோ டிரம்மிலும் சவூதிக்கும் நெதர்லாந்துக்கும் போகிறது. ஏற்றுமதியாளருக்கான ஐ.இ.சி. எண்ணை 500 ரூபாய் கட்டி இணையத்திலேயே வாங்கிவிடலாம். வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடாவில் பதிவு, சுங்கத்துக்கான ஷிப்பிங் பில், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் எல்லாம் ஒரு சீசனில் பழகிவிடும். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. வியாபாரத்தில், வேறு நிபந்தனை இல்லையென்றால், சரக்கு ஏறிய 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கியில் இருக்க வேண்டும். இதை வகுப்பில் எத்தனை முறை கேட்டாலும் மண்டையில் ஏறாது. இருபதாம் நாள் மாலை ஒரு கையெழுத்து குறைந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஓசூர் ரோஜா:
ஆவணம் நிரப்புவது ஒரு வேலை. எந்த நாட்டில் வாங்குவது, எங்கே விற்பது என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. கிளிமூக்கு ஐயா முதல் வேலையை மட்டும் பேசுகிறார்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். இதே படிப்பைத்தான் படித்தேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு நமக்குள்ள சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. வியட்நாமிலிருந்து ஒரு பாகத்தை வாங்கினால் சுங்க வரியில் சலுகை உண்டு. ஆனால் அங்கிருந்து கப்பல் ஏறியது மட்டும் போதாது. பொதுவான விதிப்படி பொருளின் மதிப்பில் 35 சதவீதமாவது ஆசியான் பகுதியில் உருவாகியிருக்க வேண்டும். பொருளின் ஆறு இலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணும் மூலப்பொருளின் எண்ணிலிருந்து மாறியிருக்க வேண்டும். சீனப் பொருளைப் பெட்டி மட்டும் மாற்றி அனுப்பினால் சலுகை கிடையாது. 2020 செப்டம்பர் 21 முதல் இந்த விவரங்களை இறக்குமதியாளரே திரட்டி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விற்றவர் சான்றிதழ் கொடுத்தார் என்று கைவிரிக்க முடியாது. எனக்கு இது பாடமாக வந்தது. பலருக்குச் சுங்கத் துறை நோட்டீஸாக வருகிறது.

வேலை எங்கே என்கிறீர்கள். கிருஷ்ணகிரி பக்கம் குருபரப்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் டெல்டா, தைவான் மின்னணுக் குழுமம். அதன் இந்திய நிறுவனம் தாய்லாந்து டெல்டாவின் கீழ் வருகிறது. ஓசூர் டி.வி.எஸ். மோட்டாருக்கு இந்தோனேசியாவில் ஆலை இருக்கிறது. அசோக் லேலண்ட் அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பஸ் தயாரிக்கிறது.

ஊத்தங்கரை வாசகர்:
ஆசியானும் சீனா, ஜப்பான் முதலிய நாடுகளும் சேர்ந்த ஆர்செப் வணிக ஒப்பந்தத்தில் சேரமாட்டோம் என்று 2019 நவம்பரில் இந்தியா சொல்லிவிட்டது. மற்ற 15 நாடுகளும் அடுத்த ஆண்டு கையெழுத்திட்டு வேலையைப் பார்க்கின்றன. வெளியே நிற்கும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஆசிய வணிகம் படித்து என்ன செய்வது?

காரிமங்கலத்து ஆசிரியர்:
நேர்மாறாகப் பாருங்கள். ஆர்செப்பில் இருந்திருந்தால் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரே விதிப் புத்தகம் போதும். இப்போது ஆசியானுக்கு ஒன்று, தென்கொரியாவுக்கு 2010 முதல் ஒன்று, ஜப்பானுக்கு 2011 முதல் ஒன்று, அமீரகத்துக்கு 2022 முதல் ஒன்று. ஒவ்வொன்றிலும் வரி குறையும் பட்டியலும் நிபந்தனையும் வேறு. சிக்கல் கூடும் இடத்தில்தான் படித்தவருக்குச் சம்பளம்.

ஆனால் விளம்பரத்தை நம்பாதீர்கள். வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல இடங்களில் 'ஆசியா' என்பது அட்டைப்படத்தோடு சரி. உள்ளே அதே அமெரிக்கப் பாடப்புத்தகம். ஜப்பானிய மொழியும் அப்படித்தான். ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள். அடிப்படையான என்5-ஐத் தொட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதை வைத்து வணக்கம் சொல்லலாம், விலை பேச முடியாது. நடு நிலையான என்3 வரை கொண்டுபோகாத படிப்பில் மொழிக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கிளிமூக்கு:
ரோஜா அம்மாவிடம் ஒரு கேள்வி. உங்கள் ஆசியா எந்த ஊரோடு முடிகிறது? இந்தப் படிப்புகளில் டோக்கியோ, சியோல், சிங்கப்பூர் வரும். எங்கள் கூழ் போகும் சவூதித் துறைமுகமான ஜெத்தாவும் ஆசியாதான். 2023 இறுதியில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கப்பல் நிறுவனங்கள் அந்த வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கண்டெய்னர் வாடகை ஏறியது. 2025 ஜூனில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் வெளி மாநிலப் பெங்களூரா மாம்பழத்தை உள்ளே விடமாட்டோம் என்றது. அந்தச் சீசனில் பறிக்கும் கூலி கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் இதைச் சொல்லிக்கொடுக்கிறது?

ஓசூர் ரோஜா:
நீங்கள் சொல்வதே என் கட்சிக்குச் சாட்சி, ஐயா. ஒரே ரகப் பழம், ஒரே வடிவில் கூழ், பழகிய நாலைந்து நாடுகள். ஒரு கடல் வழி அடைபட்டால் தோட்டக்காரர் தலையில் விடிகிறது. வேறு வாங்குபவரைத் தேட ஆள் வேண்டாமா? உங்கள் அலுவலகத்தில் யாராவது கொரிய நிறுவனம் ஒன்றுக்கு மாதிரி டின் அனுப்பியதுண்டா?

கிளிமூக்கு:
இல்லை. தேட ஆளும் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமும் வேண்டும். எம்.பி.ஏ. என்று வந்த ஒரு பிள்ளையைச் சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். பெரிய நிறுவனங்களைக் காட்டி நம் பக்கத்துச் சிறு ஏற்றுமதியாளரை மறைக்காதீர்கள்.

பாலக்கோட்டான்:
அரசின் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும் என்று வங்கியில் சொன்னார்கள். அதைக் கேட்டு அம்மா இன்னும் பயந்துவிட்டார். அடுத்த பதிவைத் தங்கையே எழுதுகிறாளாம்.

பாலக்கோட்டான் (தங்கை எழுதுகிறேன்):
எல்லோரும் எனக்காகப் பேசியதற்கு நன்றி. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் ஐயா சொன்னதும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து பாடத்திட்டம் கேட்டேன். சுங்க விதிகளும் ஆசிய ஒப்பந்தங்களும் மூன்றாம் பருவத்தில் விருப்பப் பாடமாம். போதிய மாணவர் சேராவிட்டால் நடத்தமாட்டார்களாம். மேற்கு ஆசியா அறவே இல்லை. ஜப்பானிய மொழிக்குத் தனிக் கட்டணம். அங்கே சேரப்போவதில்லை. ஆனால் படிப்பை விடவும் மாட்டேன். அண்ணன் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிட்டான்.

காரிமங்கலத்து ஆசிரியர்:
புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகத்துக்கென்றே துறை இருக்கிறது, அம்மா. மத்தியப் பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வு விவரத்தை இப்போதே பார்த்து வையுங்கள். டெல்லியில் 1963-இல் தொடங்கிய ஐ.ஐ.எஃப்.டி. (இந்திய வெளிநாட்டு வணிக நிறுவனம்) இதற்கென்றே உள்ள நிறுவனம். போட்டி கடுமை, கட்டணமும் அதிகம்.

கிளிமூக்கு:
தேர்வு முடிந்ததும் ஒரு சீசன் எங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். மே இறுதியில் பழம் வரத் தொடங்கிவிடும். பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஓசூர் ரோஜா:
போ தங்கச்சி, நல்ல யோசனைதான். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள். அனுபவம் தருகிறோம் என்று நிறுத்திவிடுவார்கள்.